இன்றைக்கு எத்தனை பேர் மேட்ச்? ஷூட்டர் கேமில் ஆள் கணக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி

"எனக்கு ஷூட்டர் கேம் ஒத்துவராது" என்று சொல்லி ஒதுங்கிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் நண்பன் ஒருவன் அப்படித்தான். 5-க்கு 5 மேட்ச்களில் நாங்கள்தான் அவனை இழுத்துப்போட்டு ஆடினோம். டீமில் கடைசி ஆளாக உயிரோடு மிஞ்சும்போதெல்லாம் அவன் கை நடுங்கும், செத்துப்போன நான்கு பேரும் தன் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பே போதும், சுட வேண்டிய நேரத்தில் விரல் ஓடாது. இரண்டு மாதத்தில் விட்டுவிட்டான். அப்புறம் ஒருநாள் 64 பேர் ஆடும் மேட்ச் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். அடிபட்டு விழுந்தவர்களைத் தூக்கிவிடும் மெடிக் வேலையை எடுத்துக்கொண்டான், மூன்று மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. கண்ணும் கையும் அதேதான், மாறியது ஆள் கணக்குதான்.

அதனால் ஒரு கேம் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டும் முன்பு, அதை எத்தனை பேருடன் ஆடினீர்கள் என்று ஒரு தடவை யோசியுங்கள். இப்போது பெரும்பாலான கேம்களில் ஒரே கூரைக்குள் பல அளவுகள் இருக்கின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக் என்றால் 5-க்கு 5 தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும், ஆனால் விங்மேன் என்று 2-க்கு 2 ஒன்றும் உள்ளே உண்டு. 2019-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேரில் 2-க்கு 2 கன்ஃபைட், வழக்கமான 6-க்கு 6, 64 பேர் கிரவுண்ட் வார் மூன்றும் இருந்தன, அடுத்த மார்ச்சில் 150 பேர் வார்சோனும் வந்து சேர்ந்துகொண்டது. துப்பாக்கி பிடிக்கும் உணர்வு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆடும்போது கிடைக்கும் அனுபவம் நான்கு தனித்தனி கேம் மாதிரி.

முதலில் மூன்று மேட்ச் அளந்து பாருங்கள்

லாபியில், அதாவது மேட்சுக்குக் காத்திருக்கும் திரையில், போட்டிருக்கும் எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 64 பேர் பெரிய பாலைவன மேப் (ஆடும் களம்) ஒன்றில் பரவிக் கிடந்தால், வண்டி கிடைக்காத நாளில் இரண்டு நிமிடம் ஓடியும் ஒருத்தரைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். வெறும் 12 பேரை கால் ஆஃப் டியூட்டியின் ஷிப்மென்ட் மேப்பில், அந்தக் குட்டி சதுரத்தில், கன்டெய்னர்களுக்கு நடுவே விட்டால் ஸ்பான் ஆன, அதாவது களத்தில் உயிரோடு தோன்றிய, மூன்றாவது விநாடியே முதுகில் குண்டு பாயும். ஆக, 12 பேர் கூட்டமாகவும் 64 பேர் வெறிச்சோடியும் இருக்க முடியும். பார்க்க வேண்டியது ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் எத்தனை விநாடி போகிறது என்பதை.

இதை அளப்பது சுலபம். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, ஸ்பான் ஆனதிலிருந்து முதல் எதிரியைப் பார்க்கும் வரை எவ்வளவு நேரம் என்று ஒரு மேட்சில் பத்து தடவை குறித்துப் பாருங்கள். ரெக்கார்டு செய்துவிட்டுப் பிறகு பார்த்தால் இன்னும் நல்லது, ஆடும்போது கவனம் சிதறாது. எனக்கு 20 முதல் 40 விநாடிக்கு ஒரு சண்டை என்றால் சரியாக இருக்கும், மூச்சு விடவும் நேரம் இருக்கும், சலிப்பும் வராது. உங்களுக்கு 10 விநாடியாக இருக்கலாம், 3 நிமிடமாகவும் இருக்கலாம். பதுங்கிப் பதுங்கிப் போய் ஒரே ஒரு சண்டைக்காகக் காத்திருப்பதில் சுகம் காண்கிறவர்கள் இருக்கிறார்கள், 12 பேரை மட்டும் ஒரு பெரிய மேப்பில் விடும் ஹன்ட்: ஷோடவுன் அவர்களுக்காகவே செய்ததுபோல இருக்கும்.

கூடவே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை செத்தபோதும் "ஏன் செத்தேன்" என்று உங்களால் சொல்ல முடிகிறதா? பத்தில் ஏழெட்டுக்குக் காரணம் சொல்ல முடிந்தால் அந்தக் கூட்டம் உங்களுக்குத் தாங்கும். இடது பக்கம் பார்க்காமல் ஓடினேன், ரீலோடு செய்யும்போது மாட்டிக்கொண்டேன், இப்படி ஏதாவது. பாதிக்கு மேல் "எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை" என்றால், ஒன்று உங்களுக்கு மேப் இன்னும் பழகவில்லை, இல்லையென்றால் அந்த மேப்புக்கு ஆள் அதிகம். எது என்று கண்டுபிடிக்க அதே மேப்பைக் குறைந்த ஆள் இருக்கும் மோடில் (ஆட்ட வகையில்) நான்கைந்து தடவை ஆடுங்கள். அங்கே காரணம் தெரிய ஆரம்பித்தால் பிரச்சினை கூட்டத்தில்தான். எரிச்சலுக்கு முக்கால்வாசிக் காரணம் இந்தக் காரணம் தெரியாத சாவுதான் என்பது என் அனுபவம். தோற்றால் கூட மனம் ஆறிவிடும், எதற்கு செத்தோம் என்றே தெரியாவிட்டால் ஆறாது.

ஆள் குறைவான மேட்ச்

கணக்கு மிக எளிது. ஐந்து பேர் டீமில் உங்கள் பங்கு ஐந்தில் ஒன்று, 20 சதவீதம். 32 பேர் டீமில் 3 சதவீதம். 64 பேர் டீமில் ஒன்றரைதான். ஜெயித்தால் கிடைக்கும் மகிழ்ச்சியும் தோற்றால் வரும் பாரமும் ஏறக்குறைய இதே விகிதத்தில்தான் தலையில் ஏறும்.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஒரு ரவுண்டு. பாம் வைத்துவிட்டார்கள், 40 விநாடியில் வெடிக்கும். எதிரி ஒருவர், நீங்கள் ஒருவர். பாமைச் செயலிழக்கவைக்கும் டிஃப்யூஸ் கிட் இருந்தால் 5 விநாடி போதும், இல்லாவிட்டால் 10. எதிரி எங்கே என்று தெரியவில்லை, ஆனால் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். பாமைத் தொடுகிறீர்கள், டிஃப்யூஸ் தொடங்கும் அந்தச் சின்னச் சத்தம் கேட்கிறது, உடனே கையை எடுத்துவிட்டு மூலையைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்குகிறீர்கள். அவர் பதறிப்போய் எட்டிப் பார்க்கிறார். அந்த ஒரு விநாடி வேறு எந்த அளவு மேட்சிலும் கிடைக்காது. எதிரில் இருபது பேர் இருந்தால் சத்தம் போட்டு ஏமாற்ற யார் இருக்கிறார்கள்? எதிராளியின் மனதைப் படிக்கும் விளையாட்டுக்கு எதிராளிகள் விரல் விட்டு எண்ணும்படி இருக்க வேண்டும்.

இதற்கு விலையும் உண்டு. ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறினால் 4-க்கு 5 ஆகிவிடும், மீதி மேட்ச் முழுக்கத் திண்டாட்டம்தான். ரவுண்டின் தொடக்கத்திலேயே செத்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல்கூடச் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் விட்டுப் போகவும் முடியாது, தண்டனை உண்டு. வாலரன்ட் மாதிரி 13 ரவுண்டு ஜெயிக்க வேண்டிய மேட்ச் அரை மணியைத் தாண்டி எளிதாக ஓடும். எனவே தரவரிசைக்காக ஆடும் 5-க்கு 5 ராங்க் மேட்சுக்குள் போகும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: கையில் முழுசாக ஒரு மணி நேரம் இருக்கிறதா, நாள் முழுக்க உழைத்துக் களைத்துப்போய் வந்திருக்கிறீர்களா? களைப்பாக இருந்தால் போகாதீர்கள். உங்களுக்கு மட்டுமில்லை, மற்ற நான்கு பேருக்கும் அந்த மாலை வீணாகும்.

1-க்கு 1 பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999-இல் குவேக் 3 அரீனா வந்தது, அந்தக் கேமின் டூயல் ஆட்டத்தை இன்றைக்கும் விடாமல் ஆடுகிறவர்கள் உண்டு. பழி போட ஆள் இல்லை, சாக்குச் சொல்லவும் வழி இல்லை, கற்றுக்கொள்வதற்கு இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் மனதைப் பிழிந்து எடுத்துவிடும். பயிற்சிக்கு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மேட்ச் போதும்.

சின்ன டீமில் ஒரே ஓர் ஆளைக் கூட்டினாலும் குறைத்தாலும் கேமே வேறாகிவிடும் என்பதற்கு ஓவர்வாட்ச் நல்ல உதாரணம். 2016-இல் 6-க்கு 6 ஆக வந்தது. 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 வந்தபோது 5-க்கு 5 ஆக்கினார்கள், முன்னால் நின்று அடி தாங்கும் டேங்க் இரண்டு இருந்த இடத்தில் ஒன்று. வேகம் கூடியது, கேடயங்களுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நிற்பது குறைந்தது. ஆனால் அந்த ஒற்றை டேங்க் ஆடுகிறவர் தலையில்தான் தோல்வி முழுக்க விழும். பிறகு 6-க்கு 6-ஐத் தனி மோடாகத் திரும்பவும் கொண்டுவந்தார்கள். நீங்கள் டேங்க் ஆட ஆசைப்பட்டு, திட்டு வாங்கியே சலித்துப்போனவர் என்றால், பாரத்தைப் பங்குபோட இன்னொருவர் இருக்கும் 6-க்கு 6-ஐ ஆடிப் பாருங்கள்.

நடுத்தரம்

6-க்கு 6 முதல் 12-க்கு 12 வரை. எந்தத் திட்டமும் இல்லாத மாலைக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். உங்கள் ஆட்டம் டீமுக்குத் தெரியும், ஆனால் ஒரு தப்பு செய்தால் குடி முழுகிப்போகாது. ஒருவர் பாதியில் போனாலும் இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

2007-இல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2-வின் வழக்கமான சர்வர் (மேட்சை நடத்தும் கணினி) 24 பேர், அதாவது 12-க்கு 12. அதையே போட்டியாக ஆடுகிறவர்கள் 6-க்கு 6 ஆடுகிறார்கள், அல்லது ஒன்பது கிளாஸுக்கும் (வீரர் வகைக்கும்) தலா ஒருவர் என்று 9-க்கு 9 ஹைலேண்டர் ஆடுகிறார்கள். 24 பேர் கூச்சலில் ஸ்பை மாறுவேடத்தில் பின்னால் போய்க் குத்துவது அத்தனை இனிமை, யாரும் கவனிக்க மாட்டார்கள். 6-க்கு 6-இல் எல்லோரும் எல்லோரையும் எண்ணிக்கொண்டிருப்பதால் ஸ்பையை அபூர்வமாகத்தான் எடுப்பார்கள். உங்களுக்குப் பிடித்த வேலை எந்த அளவில் எடுபடும் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒளிந்து திரிவது பிடிக்கும் என்றால் கொஞ்சம் கூட்டம் வேண்டும், கூட்டம்தான் மறைவிடம்.

2014-இல் டைட்டன்ஃபால் 6-க்கு 6 தான் என்று அறிவித்தபோது நிறையப் பேர் இது போதாது என்று புலம்பினார்கள். கேம் வந்த பிறகு பார்த்தால், மேப் முழுக்கக் கணினி ஓட்டும் சிப்பாய்கள், மேலே இருந்து விழும் டைட்டன் என்ற ராட்சத ரோபோக்கள், சுவரில் ஓடும் பைலட்கள் என்று போர்க்களம் நிறைந்தே இருந்தது. கூட்டம் வேண்டும், ஆனால் கூட்டத்தில் எல்லோருமே உங்களை விடத் திறமைசாலிகளாக இருக்க வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த மாதிரிக் கலவை நன்றாகப் பொருந்தும்.

ஆள் அதிகமான மேட்ச்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தப்பு செய்கிறார்கள். 64 பேர் மேட்சுக்குள் தனியாளாகப் போய், எங்கே சத்தம் கேட்கிறதோ அங்கே ஓடி, செத்து, மறுபடி ஸ்பான் ஆகி, மறுபடி அதே இடத்துக்கு ஓடி, கடைசியில் ஸ்கோர்போர்டைப் பார்த்தால் பத்தோடு பதினொன்று, அத்தோடு இது ஒன்று என்று பெயர் எங்கோ நடுவில் கிடக்கும். நான் இருந்தேனா இல்லையா என்று யாருக்கும் தெரியாது என்ற அந்த வெறுமை வந்தால் கேமை மூடிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது, பெரிய எண்ணை நீங்களே சின்னதாக்கிக்கொள்வது. பெரிய கேம்களை உருவாக்கியவர்களும் அதைத்தான் செய்தார்கள். 2010-இல் பிளேஸ்டேஷன் 3-இல் மேக் என்ற கேம் 256 பேரை ஒரே மேட்சில் இறக்கியது. அவர்களை எட்டு எட்டுப் பேர் ஸ்க்வாடாகவும், நான்கு ஸ்க்வாட் சேர்ந்து 32 பேர் பிளட்டூனாகவும், நான்கு பிளட்டூன் சேர்ந்து 128 பேர் கம்பெனியாகவும் பிரித்துவைத்திருந்தார்கள். ஆடுகிறவருக்கு 256 என்பது தூரத்தில் கேட்கும் இரைச்சல், அவருடைய உலகம் அந்த எட்டுப் பேர்தான். 50-க்கு 50 ஆடும் ஸ்க்வாட் என்ற பெயருள்ள கேமிலும் ஒன்பது பேர் கொண்ட குழுதான் எல்லாம், குழுத் தலைவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். மைக்கில் பேசும் ஒரு ஸ்க்வாட் கிடைத்துவிட்டால் அந்த மாலை எங்கே போனதென்றே தெரியாது. உங்கள் ஸ்க்வாட் தலைவர் வாயே திறக்காதவர் என்றால் ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள், அப்புறம் தயங்காமல் வேறு ஸ்க்வாடுக்கு மாறிவிடுங்கள்.

பேட்டில்ஃபீல்டு மாதிரி கேம் என்றால், மேட்ச் தொடங்கியதும் ஒரு கொடியை, அதாவது டீம்கள் பிடிக்கப் போராடும் இடங்களில் ஒன்றை, "இது என்னுடையது" என்று மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முட்டி மோதும் நடுக் கொடி வேண்டாம், பக்கத்துக் கொடி. அங்கே ஏழெட்டுப் பேர்தான் வந்துபோவார்கள், அதனால் 64 பேர் மேப்புக்குள்ளேயே உங்களுக்கென்று 4-க்கு 4 ஒன்று நடந்துகொண்டிருக்கும். ஸ்பான் ஆகும்போது தலைமையகத்தில் ஆகாமல் ஸ்க்வாட் நண்பர் பக்கத்தில் ஸ்பான் ஆகுங்கள், நடக்கும் நேரம் பாதியாகக் குறையும்.

மேப்பின் அகலமும் முக்கியம். பேட்டில்ஃபீல்டு 3 (2011) கணினியில் 64 பேர், அந்தக் காலத்து கன்சோல்களில் 24 பேர். அதில் ஆபரேஷன் மெட்ரோ என்று சுரங்க ரயில் நிலையத்துக்குள் போகும் மேப். 24 பேருக்கு நன்றாகவே இருக்கும். 64 பேர் என்றால் படிக்கட்டில் இருபது பேர் இந்தப் பக்கம், இருபது பேர் அந்தப் பக்கம், நடுவில் மழை மாதிரி கையெறி குண்டு, அரை மணி நேரம் ஓர் அடி நகராது. அந்த நெரிசலையே விரும்பித் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் ருசி. உங்களுக்கு அது ஒத்துவராது என்றால் சர்வர் பட்டியலில் ஃபில்டர் போட்டு, குறுகிய மேப்புகளுக்கு 32 அல்லது 48 பேர் சர்வரையும், வண்டிகள் ஓடும் பெரிய மேப்புகளுக்கு 64-ஐயும் எடுங்கள்.

எண்ணைக் கூட்டினால் தானாகவே கேம் நன்றாகிவிடும் என்று நினைக்காதீர்கள். 2021-இல் பேட்டில்ஃபீல்டு 2042 புதிய கன்சோல்களிலும் கணினியிலும் 128 பேரைக் கொண்டுவந்தது. அத்தனை பேருக்காக மேப்பைப் பெரிதாக்கியதில் கொடிக்கும் கொடிக்கும் நடுவில் வெறும் நடைதான் மிஞ்சியது என்று ஆடியவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். 2022-இல், ஒரு டீம் தாக்க மற்றது காக்கும் பிரேக்த்ரூ மோடை 64-க்கு இறக்கினார்கள், மேப்புகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 6 திரும்பவும் 64-க்கே வந்துவிட்டது. அதேநேரம், 2023-இல் ஒரு மிகச் சிறிய குழு செய்த பேட்டில்பிட் 254 பேர் வரை ஒரே சர்வரில் ஏற்றியது. கட்டைபோல எளிமையான உருவங்கள், சிரிப்பும் கூச்சலுமாகக் குரல்கள், அதற்கு அந்தக் கூட்டம் அழகாகவே பொருந்தியது.

பேட்டில் ராயலில் ஆள் கணக்கு உங்கள் கையில்

கடைசிவரை மிஞ்சுகிறவர் ஜெயிப்பதுதான் பேட்டில் ராயல். பப்ஜியிலும் ஃபோர்ட்நைட்டிலும் 100 பேர், அபெக்ஸ் லெஜெண்ட்ஸில் 60 பேர். ஆனால் இந்த எண் முதல் நிமிடத்துக்கு மட்டும்தான் உண்மை. ஆட்கள் குறையக் குறைய, ஆட வேண்டிய இடத்தைக் குறிக்கும் வட்டமும் சுருங்குவதால், நெருக்கம் ஓரளவு ஒரே மாதிரி இருந்துகொண்டே வரும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: எங்கே குதிக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் ஆள் எண்ணிக்கை. விமானப் பாதையின் அடியிலேயே இருக்கும் பெரிய ஊரில் குதித்தால் முதல் இரண்டு நிமிடம் நீங்கள் ஆடுவது கண்ணில் பட்டவரையெல்லாம் சுடும் 20 பேர் டெத்மேட்ச். ஓரத்துக் குடிசையில் இறங்கினால் பத்து நிமிடம் தனிமை. கை சூடாக வேண்டும், துப்பாக்கி பழக வேண்டும் என்றால் நாலைந்து மேட்ச் ஊருக்குள் குதியுங்கள், செத்தால் உடனே அடுத்தது. நண்பர்களோடு பேசிக்கொண்டே ஆட வேண்டும் என்றால் ஓரம். இரண்டும் வேண்டும் என்றால் பெரிய ஊரிலிருந்து ஒரு மேடு தள்ளி இறங்கி, ஊருக்குள் சத்தம் அடங்கும்போது உள்ளே போங்கள்.

நெட்டும் கணினியும் தாங்குமா

ஆள் கூடும்போது சர்வரின் வேலை அதே அளவில் கூடாது, பல மடங்கு பெருகும். ஒவ்வொருவர் அசைவையும் மற்ற எல்லோருக்கும் சொல்ல வேண்டும். 10 பேர் என்றால் 10 × 9, அதாவது 90 செய்திகள். 64 பேர் என்றால் 4,032. 128 பேர் என்றால் 16,256. ஆள் இரண்டு மடங்கு, வேலை நான்கு மடங்கு. தூரத்தில் இருப்பவர்களின் தகவலைக் குறைவாக அனுப்புவது போன்ற வழிகளால் சமாளிக்கிறார்கள், ஆனாலும் கூட்டம் ஓரிடத்தில் குவியும்போது தெரிந்துவிடும்: சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்துப்போவீர்கள், சுட்ட குண்டு பட்டதாகவே தெரியாது.

உங்கள் பக்கமும் சுமை உண்டு. நிறைய ஆட்கள், வண்டிகள், வெடிப்புகள் என்றால் கிராஃபிக்ஸ் கார்டை விட, கணினியின் மூளையான சிபியுதான் முதலில் திணறும். கிராஃபிக்ஸ் செட்டிங்கை எவ்வளவு இறக்கியும் 64 பேர் மேட்சில் திரை வெட்டி வெட்டி ஓடுகிறது, அதே கேம் 12 பேர் மோடில் வழுவழுவென்று ஓடுகிறது என்றால், பெரும்பாலும் சிபியு போதவில்லை என்று அர்த்தம். புதிது வாங்கும் வரை சின்ன மோடிலேயே ஆடுங்கள். விட்டு விட்டு ஓடும் திரையில் பெரிய போர் ஆடுவதை விட, சீராக ஓடும் திரையில் சின்னச் சண்டை எவ்வளவோ மேல்.

நண்பர்கள் எத்தனை பேர், நேரம் என்ன

இரண்டு பேர் என்றால் விங்மேன் மாதிரி 2-க்கு 2, அல்லது பெரிய மேட்சில் ஒரே ஸ்க்வாட். மூன்று பேர் என்றால் அபெக்ஸ் மாதிரி மும்மூன்று பேர் குழு. நான்கு பேராக 5-க்கு 5-க்குள் போகும்போது ஐந்தாவதாக வரும் அந்தப் புதியவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், நீங்கள் நால்வரும் தனியாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவர் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் ஆடுவார். எதிரி எங்கே என்பதையாவது கேமின் மைக்கில் அவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். ஆறேழு பேர் சேர்ந்துவிட்டால் ஒருவரை வெளியே உட்காரவைக்காதீர்கள், தனி லாபி திறந்து 3-க்கு 3 அல்லது 4-க்கு 3 உங்களுக்குள்ளேயே ஆடுங்கள், அல்லது ஆள் கணக்குப் பார்க்காத பெரிய சர்வருக்குப் போங்கள்.

பழைய கேம், அல்லது ஆள் குறைந்துவரும் கேம் என்றால் இன்னொரு விதமாக யோசிக்க வேண்டும். ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்கள் பத்து மோடிலும் ஐந்து பிராந்தியத்திலும் சிதறிக் கிடந்தால் எந்த வரிசையிலும் மேட்ச் கிடைக்காது, கிடைத்தாலும் திறமை பார்க்காமல் கிடைத்தவரோடு சேர்த்துவிடும், பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) 200 மில்லிவிநாடியைத் தாண்டும். அப்போது உங்களுக்குப் பிடித்த மோடிலேயே பிடிவாதமாகக் காத்திருக்க வேண்டாம், ஆள் அதிகம் இருக்கும் ஒரு மோடுக்குப் போய்விடுங்கள், பிராந்தியத்தின் மாலை நேரத்தில் ஆடுங்கள்.

ரசிகர்களே நடத்தும் சர்வர் உள்ள கேம் என்றால் இன்னும் ஒன்று செய்யலாம். காலி சர்வரில் யாரும் சேர மாட்டார்கள், யாரும் சேராததால் அது காலியாகவே கிடக்கும். அதை உடைக்க ஸ்க்வாட், ஹெல் லெட் லூஸ் ஆடுகிறவர்கள் சீடிங் செய்வார்கள்: பத்து இருபது பேர் பேசிவைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் உள்ளே வந்து, நடுக் கொடிக்கு மட்டும் சின்னதாகச் சண்டை போட்டுக்கொண்டு, ஆள் சேரும் வரை மேட்சை உயிரோடு வைத்திருப்பார்கள். 40 தாண்டியதும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு முழு மேட்ச் தொடங்கும். சீடிங் நேரத்தில் 12-க்கு 12 ஆகவும் ஒரு மணி நேரம் கழித்து 50-க்கு 50 ஆகவும், ஒரே இரவில் ஒரே மேப்பில், எல்லா அளவையும் ஆடிப் பார்த்துவிடலாம். உங்களுக்குப் பிடித்த சர்வர் எத்தனை மணிக்கு சீடிங் தொடங்குகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள்.